வீவக வீட்டில் 20 லிட்டர் பீர்: எந்தக் கலன், எங்கே வைப்பது?

#1 ஈசூன்வாசி
சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் (முளைகட்டிய பார்லிச் சாறு) 20 லிட்டர் பீர் போடணும். கலன் வாங்குறதில்தான் குழப்பம். 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அகன்ற வாய் பெட் கலன், 23 லிட்டர் கண்ணாடிக் குடுவை, கூம்படி எவர்சில்வர் என்று நாலு வகை கிடைக்குது. வைக்கிற இடம் சமையலறைப் பின்கட்டு, பாம் ஷெல்ட்டர் (வீட்டுக்குள் இரும்புக் கதவு வைத்த பாதுகாப்பு அறை), இல்லையென்றால் படுக்கையறை மூலை. ஏர்கான் ராத்திரி மட்டும். பிறகு அதே கலனில் சர்க்கரைக் கரைசல் போட்டு வாலை வடிக்கவும் யோசனை. ரெண்டுக்கும் ஒரே கலன் போதுமா?

#2 நுரைநடத்துநர்
கடைசி வரியை முதலில் முடித்துவிடுவோம். உரிமம் இல்லாமல் வாலை வடிப்பது இங்கே குற்றம், சொந்தக் குடிப்புக்கு என்றாலும். சம்சு (கள்ளச் சாராயம்) காய்ச்சுவதாகவே கணக்கு. இந்த இழையில் அந்தப் பேச்சு வேண்டாம்.

நொதிக்கவிட்டுக் குடிப்பதற்குச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை இடம் கொடுக்கிறது: பீர், ஒயின், சைடர் போன்றவை, வயது 18 ஆகியிருக்கணும், குடியிருக்கும் வீட்டிலேயே செய்யணும், விற்கக்கூடாது, மாதம் 30 லிட்டருக்குள். அந்த 30 வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. அண்ணன் தம்பி இரண்டு பேர் இருக்கிறோம் என்று 60 போட முடியாது. கலன் வாங்கும்போதும் இதை மனதில் வையுங்கள்.

#3 மண்டிராஜா
கலன் எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன்னால், அதை எப்படிக் குளிர வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள் தம்பி. இந்த ஊரில் அதுதான் கேள்வி. குளிர் நாட்டுக்காரன் எழுதிய குறிப்பில் 'வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கவும்' என்று இருக்கும். நமக்கு அந்த மூலை கிடையாது.

வீட்டுக்குள் பகலில் 28 முதல் 31 டிகிரி. தொடக்க அடர்த்தி 1.050 உள்ள 20 லிட்டர் வோர்ட்டில் (நொதிக்காத மால்ட் கரைசல்) யீஸ்ட் சுமார் 1.6 கிலோ சர்க்கரையைத் தின்று தீர்க்கும். அதில் பிறக்கும் சூடு வெளியே போகாமல் தேங்கினால் வோர்ட்டை 10 டிகிரி உயர்த்தப் போதும். பெரும்பகுதி வெளியேறிவிடுவதால் நடைமுறையில் அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக ஓடும். அறை 30 என்றால் கலனுக்குள் 34. யூஎஸ்-05 மாதிரி, ஏல் வகை பீருக்கான யீஸ்ட் 18 முதல் 22க்குள் சுத்தமாக வேலை செய்யும். 34இல் ஃபியூசல் ஆல்கஹால் கிளம்பி தின்னர் வாடையும் தொண்டைக் காரமும் வந்துவிடும். அது நூறு நாள் வைத்தாலும் போகாது. பல நூறு வெள்ளிக்கு எவர்சில்வர் வாங்கினாலும் 34 டிகிரியில் அதே கெட்ட பீர்தான்.

வழி மூன்று. பழைய ஐஸ் பெட்டியும் (ஃபிரிட்ஜ்) வெப்பக் கட்டுப்படுத்தியும். வெப்பம் தடுக்கும் பையும் ஐஸ் புட்டிகளும். அல்லது சூட்டைத் தாங்கும் க்வெய்க் யீஸ்ட். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கலன் தானாக முடிவாகிவிடும்.

#4 ஈசூன்வாசி
ஒற்றைக் கதவு பழைய ஐஸ் பெட்டி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கு. எதை அளக்கணும்?

#5 மண்டிராஜா
உள் அகலம், உள் ஆழம், உள் உயரம் மூன்றும். ஆழத்தைக் கதவை மூடிய நிலையில் நினைத்து அளங்கள். கதவின் உள்பக்க முட்டை அடுக்கும் புட்டித் தட்டும் 8, 10 செமீ தின்றுவிடும். அடியில் பின்னால் கம்ப்ரஸருக்காக ஒரு மேடு துருத்தும். அதற்கு முன்னால் எவ்வளவு சமதளம் மிஞ்சுகிறது என்பதுதான் உண்மையான ஆழம். உயரத்தில் கலன் மூடிக்கு மேல் ஏர்லாக்குக்கு (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் நீரடைப்பு) 10 செமீ விடணும்.

கண்ணாடித் தட்டில் வைக்காதீர்கள். நிறைந்த கலன் 25 கிலோவுக்கு மேல். தட்டுகளைக் கழற்றிவிட்டு அடியில் பிளைவுட் பலகை போட்டு, மேட்டின் உயரத்துக்குக் கட்டைகள் கொடுத்துச் சமன் செய்யலாம்.

வாங்குவதற்கு முன் அட்டையில் கலனின் விட்டத்துக்கு வட்டம் வெட்டி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள்.

#6 வயர்மேன்
கட்டுப்படுத்தி பற்றி. இங்க்பர்டு ஐடிசி-308 மாதிரி ஒன்று போதும், ஐஸ் பெட்டியின் வயரை வெட்ட வேண்டியதில்லை. அதன் பிளக்கைக் கட்டுப்படுத்தியின் குளிர் சாக்கெட்டில் சொருகினால் வேலை முடிந்தது. இந்த ஊர் 230 வோல்ட், மூன்று சதுர முள் பிளக் உள்ள வகையா என்று பார்த்து வாங்குங்கள். அடாப்டர் மேல் அடாப்டர் போட்டு கம்ப்ரஸர் ஓட்டாதீர்கள்.

பெட்டிக்குள் இருக்கும் பழைய தெர்மோஸ்டாட்டை அதிகக் குளிருக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் சண்டை போடும். இலக்கு 19 டிகிரி, வித்தியாசம் 0.5 முதல் 1, கம்ப்ரஸர் தாமதம் 5 நிமிடம். தாமதம் இல்லாமல் அணைத்து உடனே போட்டால் கம்ப்ரஸர் திணறிப் பழுதாகும்.

சென்சரைக் காற்றில் தொங்கவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. காற்று 19 காட்டும்போது வோர்ட் 23இல் இருக்கும். கலனின் பக்கவாட்டில், திரவ மட்டத்தின் நடுவில் சென்சரை ஒட்டி, அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்கு நுரைப்பஞ்சு வைத்து டேப்பால் இறுக்குங்கள். பிளாஸ்டிக்கிலும் இது ஒரு டிகிரிக்குள் சரியாகக் காட்டும்.

#7 தேக்காதேனீ
ஐஸ் பெட்டிக்கு இடமில்லாதவர்களுக்கு: அகலமான தொட்டியில் தண்ணீர், கலனுக்கு ஈரச்சட்டை, எதிரே மின்விசிறி. செலவே இல்லை. எல்லா வலைப்பக்கத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

#8 வயர்மேன்
வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணியிலிருந்து தண்ணீர் ஆவியாவதே கம்மி. ஈரத்துணி எவ்வளவு முயன்றாலும் 25, 26 டிகிரிக்குக் கீழே இறங்காது. உள்ளிருந்து யீஸ்ட் வேறு சூடேற்றும்போது உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று டிகிரி.

இன்னொன்று. தொட்டியில் ஒரு வாரம் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிரசவ வார்டு. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டினால் பீர் போடுகிறேன் என்ற பதில் எடுபடாது.

#9 மண்டிராஜா
பை வழி மேல். கணக்கைப் பாருங்கள். 20 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க 84 கிலோஜூல் எடுக்கணும். 1.5 லிட்டர் புட்டியில் 1.4 லிட்டர் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் (நிரப்பினால் புட்டி வெடிக்கும்) அது உருகி 20 டிகிரிக்கு வரும்வரை 580 கிலோஜூல் அளவுக்கு உறிஞ்சும். 30 மிமீ நுரைத்தகட்டில் பெட்டி கட்டி உள்ளே 20, வெளியே 30 என்று வைத்தால், சுவர் வழியாக ஒரு நாளில் ஏறத்தாழ 1000 கிலோஜூல் உள்ளே கசியும். அதாவது அப்படியே பிடித்து வைக்க நாளைக்கு இரண்டு புட்டி, முதல் மூன்று நாள் யீஸ்ட்டின் சூட்டுக்காக மூன்று. காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. ஆறு புட்டி இருந்தால் மாறி மாறி உறைய வைக்கலாம். ஃபிரீசரில் மீனுக்கு இடம் இருக்காது, வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் 72 மணி நேரம்தான் உயிர். சுவையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அப்போதுதான் உருவாகும். நாலாம் நாளுக்குப் பிறகு 23, 24க்கு ஏறினாலும் பாதகமில்லை. வெண்ணெய் வாடை தரும் டையசெட்டிலை யீஸ்ட் திரும்பத் தின்ன அது உதவவே செய்யும்.

#10 நார்வேக்காரன்
இவ்வளவு வம்பு எதற்கு? க்வெய்க் வாஸ் யீஸ்ட் 35 முதல் 40 டிகிரியில்தான் உற்சாகமாக இருக்கும். நம் அறையில் கலனைச் சுற்றி ஒரு போர்வை போட்டால் அந்தச் சூடு தானாக வரும். மூன்று நாலு நாளில் முடிந்துவிடும். லேசான ஆரஞ்சுத் தோல் மணம் வரும், ஐபிஏ வகைக்கு (கசப்புப் பூவான ஹாப்ஸ் தூக்கலான பீர்) அது பொருத்தம்.

நினைவில் வைக்க இரண்டு. யீஸ்ட்டுக்குச் சத்து வேண்டும். மால்ட் கம்மியான வோர்ட், தேன், சர்க்கரைக் கலவை என்றால் யீஸ்ட் நியூட்ரியன்ட் போடாமல் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் நின்றுவிடும். அப்புறம் நுரை. வேகமாக நொதிப்பதால் மேலே ஏறும். 20 லிட்டருக்குக் கலனில் 8, 10 லிட்டர் காலியிடம் வேணும்.

#11 மண்டிராஜா
ஒத்துக்கொள்கிறேன், ஐபிஏவுக்கும் பேல் ஏலுக்கும். லாகர் சுவையோ, கோல்ஷ் மாதிரி மென்மையோ வேண்டுமென்றால் க்வெய்க்கை வைத்து ஒப்பேற்ற முடியாது. முதல் பேட்சுக்கு மட்டும் நார்வேக்காரர் சொல்வதைக் கேளுங்கள், குளிர்விப்பு இல்லாமலே கலனைக் கையாளப் பழகலாம்.

இப்போது கலன்.

வாளி என்றால் எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்). அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும், கூடவே உணவுக்கு உகந்தது என்ற குறியும் வேணும். 30 லிட்டர் வாளி 20, 23 லிட்டர் பேட்சுக்குச் சரி. கழுவுவது சுலபம், கை முழுக்க உள்ளே போகும். குறை: பிளாஸ்டிக் வழியாக ஆக்ஸிஜன் மெல்ல ஊடுருவும். இரண்டு மூன்று வாரத்தில் முடியும் ஏலுக்குப் பிரச்சினை இல்லை, மாதக்கணக்கில் தேன்மது வைக்க உதவாது. இஞ்சிக்கும் மசாலாவுக்கும் தனி வாளி வையுங்கள், வாடை ஏறினால் இறங்காது. ஊறுகாயோ சம்பலோ இருந்த வாளி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பெட் (தண்ணீர் புட்டி செய்யும் பிளாஸ்டிக்), முக்கோணத்தில் 1. வாளியைவிட ஆக்ஸிஜன் தடுப்பு பல மடங்கு மேல், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும், கீழே விழுந்தாலும் உடையாது. 55 டிகிரிக்கு மேல் சுடுநீர் ஊற்றினால் உருக்குலையும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஸ்கங்க் நாற்றம் வரும், கறுப்புத் துணி சுற்றணும்.

கண்ணாடி ஆக்ஸிஜனை முழுசாகத் தடுக்கும். ஆனால் சோப்பு ஈரத்தோடு 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள வழுக்கும் குடுவையை வீவக சமையலறை டைல்ஸ் மேல் தூக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. 5 லிட்டர் குடுவையில் தேன்மது, அன்னாசி ஒயின் என்றால் கண்ணாடி. 20 லிட்டருக்கு வேண்டாம்.

#12 தேக்காதேனீ
அலுவலகத்தில் போடுகிற 19 லிட்டர் தண்ணீர் புட்டி?

#13 மண்டிராஜா
அடியில் 7 என்று இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். விடுங்கள். 1 என்றால் பெட், உபயோகிக்கலாம். ஆனால் வாய் குறுகல், வரிவரியாக மடிப்புகள், பிரஷ் எட்டாது. 15 லிட்டருக்கு மேல் நிரப்பினால் நுரைக்கு இடமில்லை. அலுமினிய அண்டா, ஈயம் கலந்த மெருகுள்ள பீங்கான் ஜாடி இரண்டும் கூடாது. பீர் புளிப்பானது, உலோகத்தை இழுத்துக்கொள்ளும்.

#14 ஈசூன்வாசி
கூம்படி எவர்சில்வர்? மண்டியை (அடியில் படியும் யீஸ்ட்) கீழேயே வடித்துவிடலாம் என்கிறார்களே.

#15 நார்வேக்காரன்
20 லிட்டர் அளவில் அந்தக் கூம்பு பெரும்பாலும் அழகுக்குத்தான். மண்டி சரிவில் ஒட்டிக்கொண்டு வால்வைத் திறந்தால் நடுவில் ஓட்டை விழுந்து பீர்தான் முதலில் வரும். மூன்று வாரத்துக்குள் புட்டிக்கு மாற்றினால் மண்டியில் கிடப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. உயரமும் கூடுவதால் பாதி ஐஸ் பெட்டிகளில் நுழையாது. யீஸ்ட்டைச் சேமித்து அடுத்த பேட்சுக்குப் போடுகிறவர்களுக்கு உபயோகம்.

#16 வயர்மேன்
எவர்சில்வரே வீண் என்று சொல்லமாட்டேன். கீறல் விழாது, பத்து வருஷம் உழைக்கும், தெர்மோவெல் (சென்சர் நுழையும் மூடிய குழல்) வழியாக நடு வோர்ட்டின் வெப்பத்தை அளக்கலாம். குளோரின் பிளீச் மட்டும் காட்டாதீர்கள், புள்ளிப் புள்ளியாக அரிக்கும்.

அழுத்தக் கலனையும் சொல்லணும். பெட்டில் 2.4 பார் வரை தாங்கும் வகை கிடைக்கிறது. ஸ்பண்டிங் வால்வை (மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) 0.7 முதல் 1 பாருக்குள் வைத்தால் 25 டிகிரியில்கூட பழவாடை தரும் எஸ்டர் அடங்கி வரும். இந்த ஊர் சூட்டுக்கு நல்ல சமரசம். கலனில் அச்சிட்ட சோதனைத் தேதியைப் பாருங்கள், காலாவதி ஆனதில் அழுத்தம் ஏற்றக்கூடாது. சாதா வாளியையும் கண்ணாடியையும் ஒருபோதும் மூடி இறுக்கி அழுத்தம் ஏற்றாதீர்கள். கண்ணாடி வெடித்தால் சில்லு கூரை வரை போகும்.

#17 ஈசூன்வாசி
சரி, 30 லிட்டர் பெட் வாங்கி ஐஸ் பெட்டியில் வைக்கிறேன். முதல் பேட்ச் மட்டும் க்வெய்க், அது பாம் ஷெல்ட்டரில். கதவைச் சாத்திவிட்டால் இருட்டு, சூடும் மாறாது.

#18 மண்டிராஜா
நில்லுங்கள். கதவைச் சாத்தாதீர்கள்.

20 லிட்டர் பீர் நொதித்து முடியும்போது ஏறத்தாழ 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். 2 சதுர மீட்டர் ஷெல்ட்டரில் இருப்பது 5000 லிட்டர் காற்றுதான். இரும்புக் கதவை இறுக்கி, காற்றோட்டத் துளைகளும் அடைபட்டிருந்தால் அளவு 8 சதவீதத்தை நெருங்கலாம். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவு. க்வெய்க் அதை மூன்று நாளில் கொட்டிவிடும். அரிசி மூட்டை எடுக்க உள்ளே குனிகிறவருக்குத்தான் முதல் அடி. வாயு கனமானது, தரையோடு தேங்கும்.

கதவு எப்போதும் திறந்தே இருந்தால் ஷெல்ட்டர் நல்ல இடம்தான். ஏர்கான் அறையில் கதவை மூடிப் படுக்கிறீர்கள் என்றால் அங்கேயும் கலன் வேண்டாம். பொதுத் தாழ்வாரம் பேச்சே இல்லை.

#19 ஈசூன்வாசி
நல்லவேளை கேட்டேன். கதவைத் திறந்தே வைக்கிறேன். கலனைத் தயார் செய்யும் வரிசை சொல்லுங்கண்ணே.

#20 மண்டிராஜா
டேப்பை, அதாவது கலனின் திருகுக் குழாயைப் பொருத்தும்போது ரப்பர் வாஷர் சரியாகப் பதியணும், இல்லையென்றால் கசியும். கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வைத்தால் இழை வழுக்கும். டேப் துளை அடியிலிருந்து 3, 4 செமீ மேலே இருக்கணும், மண்டி அதற்குக் கீழே தங்கும். அந்த மண்டியில் ஒன்றரை, இரண்டு லிட்டர் போய்விடும். 20 லிட்டர் குடிக்கக் கிடைக்க 22 ஊற்றுங்கள். தண்ணீர் நிரப்பி அடியில் செய்தித்தாள் விரித்து ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் வாஷரைத் திருப்பிப் போடுங்கள்.

ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் டேப்பை இரண்டாகக் கழற்றிக் கழுவணும். உள் உருளைக்கும் உறைக்கும் நடுவில் காயும் வோர்ட்தான் பாதித் தொற்றுக்குக் காரணம். 'எல்லாம் சுத்தமாகத்தான் செய்தேன், புளித்துவிட்டது' என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

கழுவுவதற்கு சோடியம் பெர்கார்பனேட், லிட்டருக்கு 5 கிராம், 45, 50 டிகிரி நீர், அரை மணி ஊறல். பிறகு அலசல். நார்க்கட்டியோ பச்சை ஸ்கிரப்பரோ பட்டால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி குடியேறும், எந்த மருந்தும் எட்டாது. மென்மையான துணி மட்டும்.

கிருமி நீக்க ஸ்டார் சான், லிட்டருக்கு 1.5 மிலி. கலனை நிரப்ப வேண்டாம். 2 லிட்டர் கரைத்து மூடி, ஏர்லாக், ரப்பர் வளையம் எல்லாம் நனையும்படி குலுக்கி இரண்டு நிமிடம் ஈரமாக வைத்துக் கவிழ்த்தால் போதும். நுரை மிஞ்சினால் பயப்படாதீர்கள், அலசவும் கூடாது.

#21 தேக்காதேனீ
தண்ணீர் விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்நீரில் இருப்பது குளோரமின். குளோரின் மாதிரி கொதிக்கவிட்டால் போகாது. மால்ட்டோடு சேர்ந்தால் மருந்துக்கடை, பேண்டேஜ் வாடை வரும். 30 லிட்டர் நீருக்குக் கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரை பாதி பொடித்துக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டால் தீர்ந்தது.

#22 வயர்மேன்
குளிர்விக்கும்போது இன்னொரு இடறல். நம் குழாய்நீரே 28, 29 டிகிரி. செப்புச் சுருளில் எவ்வளவு ஓடவிட்டாலும் வோர்ட் 31க்குக் கீழே வராது. ஏல் யீஸ்ட் என்றால் கலனில் ஊற்றி ஐஸ் பெட்டியில் இரவு முழுக்க வைத்து, 19க்கு வந்த பிறகு யீஸ்ட்டைத் தூவுங்கள். அந்த இரவு ஏர்லாக் போடாதீர்கள். குளிரக் குளிர உள்காற்று சுருங்கி ஏர்லாக் நீரை உள்ளே இழுக்கும். ஸ்டார் சான் தெளித்த அலுமினியத் தாளைத் துளையில் மூடினால் போதும்.

பிறகு ஏர்லாக். மூன்று துண்டு வகை கழுவ எளிது, ஆனால் உறிஞ்சும். எஸ் வகை உறிஞ்சாது. முதல் மூன்று நாள் க்வெய்க்குக்கு இரண்டுமே வேண்டாம். 12 மிமீ குழாயைச் சொருகி மறுமுனையை ஸ்டார் சான் ஜாடியில் முக்குங்கள். சின்ன ஏர்லாக்கில் ஹாப்ஸ் துணுக்கு அடைத்தால் மூடி எகிறிக் கூரையில் பச்சைக் கோலம்.

#23 ஈசூன்வாசி
போட்டாச்சு. 14 மணி நேரம் ஆச்சு, குமிழி ஒன்றுகூட வரலை. யீஸ்ட் செத்துப்போச்சா?

#24 நார்வேக்காரன்
மூடியைச் சுற்றி மேலே நுரை வளையம் தெரிகிறதா? பெட் கலன்தானே, டார்ச் அடித்துப் பாருங்கள்.

#25 ஈசூன்வாசி
மூணு விரல் கட்டைக்கு நுரை நிற்குது.

#26 நார்வேக்காரன்
அப்போ மூடி கசிகிறது, அவ்வளவுதான். ரப்பர் வளையம் முறுக்கியிருக்கும். வெளியே தள்ளும் அழுத்தம் இருக்கிறவரை பீருக்கு ஒன்றும் ஆகாது. நாலாம் நாள் தள்ளல் குறையும்முன் வளையத்தைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் பழ ஈ நுழைந்து வினிகர்தான். குமிழியை நம்பாதீர்கள், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். 20 டிகிரிக்கு அளவிட்ட கருவி என்றால் 30 டிகிரி மாதிரியில் 0.002 முதல் 0.003 வரை கூட்டிக்கொள்ளணும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் புட்டி.

#27 ஈசூன்வாசி
அஞ்சாம் நாள் 1.012, ஏழாம் நாளும் 1.012. புட்டிக்குச் சர்க்கரை எவ்வளவு?

#28 மண்டிராஜா
லிட்டருக்கு 6.5 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 20 லிட்டருக்கு 130. ஒரு கோப்பை நீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் இன்னொரு சுத்தமான வாளியில் முதலில் ஊற்றி, அதன் மேல் டேப்பிலிருந்து குழாய் வழியாகச் சத்தமில்லாமல் பீரை இறக்குங்கள். தெறித்தால் ஆக்ஸிஜன் கலந்து இரண்டு வாரத்தில் நனைந்த அட்டை வாடை. ஒரு புட்டியை மட்டும் பெட்டில் நிரப்புங்கள். அது கல் மாதிரி இறுகியதும் மற்றதெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போகலாம். 30 டிகிரியில் அஞ்சாறு நாள் பிடிக்கும்.